2022-இல் எப்படி இருந்தீர்கள்? இலங்கையின் தட்டுப்பாட்டுக் காலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். கனடாவில் பிறந்த மருமக்கள், சென்னையில் இருக்கும் நண்பர்கள், எங்கள் ஒழுங்கையில் இப்போது பள்ளிக்கூடம் போகும் சின்னப் பிள்ளைகள் எல்லாருமே ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்லத் தொடங்கினால் பேச்சு பாதியில் வேறெங்கோ போய்விடுகிறது. அதனால் ஒருமுறை உட்கார்ந்து எழுதி வைத்துவிடுவோம் என்று நினைத்தேன். திகதிகளும் தொகைகளும் எல்லாரும் அறிந்தவை. மற்றவை எங்கள் வீட்டிலும் அயலிலும் நடந்தவை.

அந்த வருடம் என்ன நடந்தது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நாட்டின் கையில் டொலர் தீர்ந்துவிட்டது. எரிபொருள், சமையல் காஸ், பால்மா, மருந்து, கோதுமை எல்லாம் டொலர் கொடுத்து வாங்குபவை. எரிபொருள் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே வந்து நிற்கும். இறக்கக் காசு இருக்காது. மார்ச் 7-ஆம் திகதி ரூபாவைப் பிடித்து வைத்திருந்த பிடியை மத்திய வங்கி விட்டது. 200 ரூபாவுக்குக் கிட்ட இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360-ஐத் தொட்டது.

மார்ச் 31 இரவு கொழும்புக்கு அருகே மிரிஹானவில் ஜனாதிபதியின் வீட்டுக்கு முன் மக்கள் திரண்டார்கள். ஏப்ரல் 9-இல் கொழும்பு காலி முகத்திடலில் போராட்டக் கூடாரங்கள் எழுந்தன. ஏப்ரல் 12-இல், வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இலங்கை அப்படி அறிவித்தது அதுவே முதல் தடவை. மே 9-இல் ஆளும் தரப்பு ஆதரவாளர்கள் காலி முகத்திடலில் இருந்தவர்களைத் தாக்கினார்கள். அன்றே பிரதமர் மகிந்த ராஜபக்ச பதவி விலகினார். அன்றிரவு நாடு முழுக்க அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கொல்லப்பட்டார். ஜூலை 9-இல் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். 13-ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச மாலைதீவுக்கும் அடுத்த நாள் சிங்கப்பூருக்கும் போனார். அங்கிருந்து விலகல் கடிதம் வந்தது. ஜூலை 20-இல் நாடாளுமன்றம் 134 வாக்குகளால் ரணில் விக்ரமசிங்கவை ஜனாதிபதியாகத் தெரிவு செய்தது.

ஏன் அப்படி ஆனது? ஒரு குடும்பம்தான் காரணமா?

ராஜபக்ச குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2023 நவம்பரில் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றமே ராஜபக்ச சகோதரர்களும் வேறு சில உயர் அதிகாரிகளும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. 2019 கடைசியில் வற் எனும் பெறுமதி சேர் வரியை 15-இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்ததில் அரசின் வருமானம் விழுந்தது. பின்பு கொரோனா வந்து சுற்றுலாவை நிறுத்தியது. குறைந்த வருமானத்தைக் காசு அச்சடித்து நிரப்பினார்கள். 2021-இல் ஒரே இரவில் என்று சொல்லும் வேகத்தில் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். நெல்லும் தேயிலையும் அடிபட்ட பிறகுதான் அந்தத் தடையைக் கைவிட்டார்கள். அதற்கெல்லாம் முன்பே பல அரசுகள் டொலரில் வாங்கிக் குவித்த கடனும் இருந்தது.

ஆனால் இந்தப் பட்டியலோடு நின்றால் எனக்கு மனம் ஒப்பாது. முப்பது வருடம் நடந்த போருக்கும், அது முடிந்த பின்னும் பெரிதாகவே இருந்த படைக்கும் செலவான காசைப் பற்றி அந்த நாட்களில் தெற்கில் பேசியவர்கள் மிகக் குறைவு. எங்கள் வீட்டில் ஒவ்வொரு இரவும் அதைத்தான் பேசினோம்.

வரிசை வரிசை என்கிறீர்களே, அது எப்படி இருந்தது?

முதலில் காஸ் வரிசை, பிறகு மண்ணெண்ணெய் வரிசை, பிறகு பெற்றோல் வரிசை. மே, ஜூன் மாதங்களில் பெற்றோல் வரிசை இரண்டு நாள், மூன்று நாள் என்று நீண்டது. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர எரிபொருள் இல்லை என்று அரசு சொல்லிவிட்டது. கறுப்புச் சந்தையில் ஒரு லீற்றர் பெற்றோல் 2,000 ரூபாவைத் தாண்டி விற்றது. அந்த நேரம் நிலையத்து விலை 470.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். வரிசைக்கு ஒரு நிர்வாகம் தானாகவே உருவாகும். இருபதாவது ஆள் வந்து சேரும்போது யாராவது ஒருவர் கொப்பியும் பேனையும் எடுப்பார். பெயரும் வாகன இலக்கமும் எழுதுவார். அந்தக் கொப்பிதான் சட்டம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வரலாம், குளித்து வரலாம். ஆனால் இரவு பத்து மணிக்கும் விடிய நாலு மணிக்கும் பெயர் கூப்பிடும்போது அங்கே நிற்க வேண்டும். மண்ணெண்ணெய் வரிசையில் ஆட்களுக்குப் பதில் கான்கள் நின்றன, ஒன்றோடொன்று கயிற்றால் கட்டி. பக்கத்து வீட்டு அண்ணை ஒருவர் ஓட்டோவுக்குள்ளேயே இரண்டு இரவு படுத்தார். அவருக்கு நாங்கள் புட்டு கட்டிக்கொண்டு போனோம். பின்னால் நின்ற முன்பின் தெரியாத நான்கு பேருக்கும் அது போய்ச் சேர்ந்தது.

சண்டையும் நடந்தது. இடையில் புகுந்தவர்களும், தெரிந்த ஆளைப் பிடித்துப் பின்வாசலால் எரிபொருள் அடித்தவர்களும் இருந்தார்கள். நாட்டின் பல இடங்களில் வரிசையில் நின்ற வயதானவர்கள் மயங்கி விழுந்து இறந்தார்கள். ஏப்ரல் 19-இல் ரம்புக்கனையில் எரிபொருளுக்காகப் போராடியவர்கள் மீது பொலிஸ் சுட்டதில் ஒருவர் இறந்தார். இதையும் சேர்த்துத்தான் வரிசையை நினைக்க வேண்டும்.

ஜூலையில் எரிபொருளைப் பங்கிட கியூ.ஆர். அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. ஓட்டோ ஓடிப் பிழைக்கிறவருக்கு 5 லீற்றர் ஒரு நாளைக்குக்கூடப் போதாது. ஆனால் எப்போது எவ்வளவு கிடைக்கும் என்று தெரிந்தவுடன் வரிசை வேகமாகக் குறைந்தது. ஆறு மாதம் முன்பே அதைச் செய்திருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

காஸ் இல்லாமல் எப்படிச் சமைத்தீர்கள்?

யாழ்ப்பாணத்தில் வளவு உள்ளவர்கள் தப்பினோம். கொல்லையில் மூன்று கல் வைத்து, பொச்சுமட்டை, பனைமட்டை, ஊமல் என்று கிடைத்ததை எரித்தோம். புகை அம்மாவின் நெஞ்சுக்கு ஒத்துவரவில்லை, அதனால் அப்பாதான் சோறு வடித்தார். அவருக்கு அதுவரை அடுப்பு மூட்டிப் பழக்கமே இல்லை.

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் தொடர்மாடிகளில் இருந்த எங்கள் உறவினர்கள் பட்டபாடு வேறு. எட்டாம் மாடியில் விறகை எங்கே எரிப்பது? மின் அடுப்பு வைத்திருந்தவர்களுக்கு மின்சாரம் இல்லை. மின்சாரம் வரும் நேரம் பார்த்து நடுச்சாமத்தில் அடுத்த நாளைக்குச் சேர்த்துச் சமைத்தார்கள். பிறகு பாணும் சம்பலும். பாணும் விலை ஏறியது.

சாப்பாடும் மாறியது. பால்மா இல்லாமல் எல்லாரும் பிளேன்ரீக்குப் போனோம். மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை, குரக்கன், ஒடியல் எல்லாம் திரும்பி வந்தன. அவற்றை நல்ல உணவு என்று இப்போது புகழ்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த செப்டெம்பரில் உணவு விலை ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததைவிட ஏறக்குறைய 95 சதவீதம் கூடியிருந்தது. பலர் கிழங்கு தின்றது வேறு வழி இல்லாததால்.

பிள்ளைகளின் படிப்பு?

மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. தாள் இல்லாததால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்தார்கள். சாதாரண தரப் பரீட்சை மே 23-இல் தொடங்கியது, நெருக்கடியின் நடுவில். எங்கள் ஒழுங்கையில் பரீட்சை எழுதிய பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரர் தினமும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார், தன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைத்துவிட்டு. அவள் சித்தியடைந்தாள். அந்த வருடத்தில் எனக்குப் பிடித்த செய்தி அது.

வடக்குக்கு இதெல்லாம் பழக்கம்தானே என்கிறார்களே?

இந்தக் கேள்விக்குத்தான் நின்று பதில் சொல்ல விரும்புகிறேன்.

ஆம், பழக்கம். 1990-இலிருந்து பல வருடம் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பெற்றோல், டீசல், பற்றரி, சிமெந்து, உரம் என்று பொருளாதாரத் தடைப் பட்டியல் நீளம். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோல் விட்டு உதைத்துக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம், இரவு பி.பி.சி. தமிழோசை நேரத்துக்குச் சுற்றுவது என் வேலை. ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு. சோப்பு கிடைக்காதபோது பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள். 2006 ஓகஸ்டில் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதையை மூடியபோது மறுபடியும் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் வரிசை.

அதனால் 2022-இல் எங்களுக்குக் கை தெரிந்திருந்தது. சைக்கிளைத் துடைத்து எடுத்தோம், அடுப்பைக் கட்டினோம், அரிசியைப் பங்கிட்டோம். அம்மா மூன்றாம் நாளே பழைய ஜாம் போத்தலைத் தேடினாள்.

ஆனால் ‘பழக்கம்தானே’ என்ற சொல்லில் எனக்கு வருத்தம் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. 2022-இல் தலைக்கு மேல் விமானம் வரவில்லை, பங்கருக்குள் ஓடவில்லை. தெற்குக்குப் போக வேண்டுமென்றால் கிளாலிக் கடலை இரவில் படகில் கடக்க வேண்டியிருக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் ஒரே பாதையில் மழையில் நடந்ததுபோல் நடக்கவில்லை. 2009-இல் வன்னியில் இருந்தவர்களுக்கு நடந்ததை நான் வேறு எதனோடும் ஒப்பிட மாட்டேன். அப்போது பொருள் வராமல் தடுத்தவர்கள் இருந்தார்கள். இப்போது வாங்கக் காசில்லை. ஒருமுறை பட்டவர் மறுமுறை படும்போது வலிக்காது என்றும் இல்லை. மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு அம்மா வாசலில் நின்றபோது, முப்பது வருடத்துக்குப் பிறகும் இதுதானா என்று அழுதாள். பழக்கப்பட்டவர்கள் அழுவதில்லை என்று யார் சொன்னது?

மலையகத்தில் எப்படி இருந்தது?

என் கணிப்பில், நாட்டில் மிக மோசமாக அடிபட்டவர்களில் தோட்டத் தொழிலாளர்கள் முன்னணியில் வருவார்கள். 2021-இல்தான் அவர்களின் நாட்கூலி 1,000 ரூபாவாக ஆனது, அதுவும் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு. அடுத்த வருடமே அந்தக் காசு கரைந்தது. அங்கே அன்றாட உணவு கோதுமை மா ரொட்டி. ஒரு கிலோ மா 300 ரூபாவைத் தாண்டியபோது ஒரு நாள் கூலியில் மூன்று கிலோ மாவும் கொஞ்சமும்தான். உரத்தடையால் கொழுந்து குறைந்து வேலை நாளும் குறைந்தது. எங்களிடம் இருந்த வளவு, முருங்கை, பனை எதுவும் தோட்டத்து வரிசை அறைகளான லயத்து வீட்டுக்குக் கிடையாது. வெளிநாட்டில் காசு அனுப்ப ஒரு மாமாவும் கிடையாது. நெருக்கடி பற்றி எழுதுபவர்கள் காலி முகத்திடலிலிருந்து தொடங்குகிறார்கள். நுவரெலியாவிலிருந்து தொடங்கினால் கதை வேறு மாதிரி இருக்கும்.

காலி முகத்திடல் போராட்டத்தில் தமிழர்கள் ஏன் பெரிதாகச் சேரவில்லை?

சேர்ந்தவர்கள் இருந்தார்கள், கொழும்புத் தமிழ் இளைஞர்கள் பலர் அங்கேயே இருந்தார்கள். வடக்கில் பெரும்பாலானோர் தள்ளி நின்று பார்த்தோம் என்பதும் உண்மை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரியிலிருந்து தெருவோரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். காலி முகத்திடலில் முதல் கூடாரம் போட்டபோது அவர்களுக்கு ஐந்து வருடம் கடந்துவிட்டது. அந்தக் கொட்டில்களுக்குத் தெற்கிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்ற கேள்வி எல்லார் மனதிலும் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள். மே 18-இல் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைத்து விளக்கேற்றிக் கஞ்சி கொடுத்தார்கள். கொழும்பின் நடுவில், சிங்களப் பிள்ளைகள் வரிசையில் நின்று அந்தக் கஞ்சியை வாங்கிக் குடித்த படத்தைப் பார்த்து நான் நெடுநேரம் பேசாமல் இருந்தேன். அது எதையும் தீர்க்கவில்லை. ஆனால் நடந்தது.

தமிழ்நாட்டு உதவி உண்மையில் வந்து சேர்ந்ததா?

வந்தது. 2022 மே 18-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது: 9,000 டன் அரிசி, 200 டன் பால்மா, மருந்து. முதலில் தமிழர்களுக்கு என்று பேச்சு வந்தபோது, எல்லாருக்கும் பொதுவாகவே அனுப்புங்கள் என்று இங்குள்ள தமிழ்த் தலைவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அப்படியே தெற்கிலும் பகிர்ந்தார்கள். எனக்கு அதில் பெருமை. இந்திய மத்திய அரசும் கடனும் எரிபொருளுமாக ஏறக்குறைய 4 பில்லியன் டொலர் அளவுக்குக் கை கொடுத்தது.

அதே நாட்களில் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் குடும்பங்கள் படகேறி தனுஷ்கோடிக்குப் போயின. முதல் படகுகள் மார்ச் 22-இல் போய்ச் சேர்ந்தன. மணல்திட்டில் குழந்தையோடு இறக்கிவிடப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. பின்பு மண்டபம் முகாம். போர் இல்லாத காலத்தில் பசிக்காக அந்தக் கடலைக் கடந்தார்கள் என்பதைத் தமிழ்நாட்டு நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து நாங்கள் உண்டியலில் காசு அனுப்பியது பிழையா?

உண்டியல் என்று இங்கே சொல்வது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு அனுப்புவதை. ரூபா 200-இல் கட்டி வைக்கப்பட்டிருந்தபோது உண்டியல்காரர் வங்கியைவிடப் பல ரூபா கூடக் கொடுத்தார். மருந்துக்கும் மாவுக்கும் காசு தேடியவர்கள் அதைத்தான் எடுத்தார்கள். அதனால் வங்கிக்கு வர வேண்டிய டொலர் வராமல் போனது உண்மை. ஆனாலும் நான் உங்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த விலையைப் பொய்யாகப் பிடித்து வைத்தவர்கள் மேல்தான் சொல்வேன். இனி அனுப்பினால் வங்கியில் அனுப்புங்கள். முடிந்தால் உங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லாமல், யாரும் அனுப்பாத ஒரு வீட்டுக்கும் சேர்த்து அனுப்புங்கள்.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டதா?

வரிசை இல்லை. 2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் ஏறக்குறைய 2.9 பில்லியன் டொலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதே வருடம் கியூ.ஆர். முறையும் போனது. 2024-இல் அனுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். ஆனால் விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. வற் வரி 18 சதவீதம். தாதிகள், வைத்தியர்கள், பொறியியலாளர்கள் என்று பலர் போய்விட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் மட்டும் நான்கு வீடு பூட்டிக் கிடக்கிறது.

இதைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது?

‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘கஷ்டம்தான்’ என்று முடித்துவிடுவார்கள். சின்னதாகக் கேளுங்கள். அன்று காலை என்ன சாப்பிட்டீர்கள்? தண்ணீர் யார் அள்ளினார்கள்? யாரிடம் கடன் வாங்கினீர்கள்? விளக்கு எங்கே வைத்திருந்தீர்கள்? பதில் வரும்போது திருத்தாமல் எழுதுங்கள். இரவில் கேட்க வேண்டாம்; சிலருக்கு அதன்பின் தூக்கம் வராது.

இதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. இருந்த சில கடிதங்களும் 95 இடப்பெயர்வில் போயின. இன்று அம்மா ஒன்று சொல்வாள், பெரியம்மா வேறொன்று சொல்வாள். ஒரு கட்டி சோப்பு என்ன விலை விற்றது என்பதில்கூட இருவருக்கும் ஒத்துப்போகாது. எந்த ஜனாதிபதி எப்போது என்ன சொன்னார் என்பது எல்லா இடத்திலும் பதிந்திருக்கிறது. சோப்பின் விலை எங்களிடம்தான் இருந்தது, அதைத் தொலைத்துவிட்டோம். அதனால் 2022 மார்ச்சில் நான் அம்மாவிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் இரண்டு வரி எழுதச் சொன்னேன்.

அதில் கொஞ்சம் காட்டுவீர்களா?

அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன்.

மார்ச் 31: 13 மணி நேரம் கரண்ட் இல்லை. ஜாம் போத்தல் கிடைத்தது, மூடி இல்லை.

ஏப்ரல் 22: காஸ் 4,860 ஆம். சிலிண்டரைச் சாக்கு போட்டு மூடி வைத்தேன்.

ஜூன் 26: பெற்றோல் 470. இவர் சைக்கிளுக்குக் காற்று அடித்தார்.

ஜூலை 9: கொழும்பில் சனம் மாளிகைக்குள் போய்விட்டது. பின்னேரம் முழுக்க ரேடியோ. முருங்கைக்காய்க் குழம்பு அடிப்பிடித்தது.

ஓகஸ்ட் 3: கியூ.ஆரில் முதல் 4 லீற்றர். அக்காவைப் பார்க்கப் போனோம். நாலு மாதம்.

ஓகஸ்ட் 21: மண்ணெண்ணெய் 87 இருந்தது 340. கடற்கரைப் பிள்ளைகள் இனி என்ன செய்வார்கள்.